ஐந்து ஏக்கர் நஞ்சையும் மகளிர் உரிமைத் தொகையும்

கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டபோது, மாதம் 1000 ரூபாய் பெறும் குடும்பத் தலைவியைத் தேர்ந்தெடுக்க மூன்று பொருளாதார அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. நிலம் 5 ஏக்கர் நஞ்சை அல்லது 10 ஏக்கர் புஞ்சைக்கு மேற்படக் கூடாது. வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் அடங்க வேண்டும். மின் கணக்கு எளிது: இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 600 யூனிட். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த அளவைத் தொடும் வீடுகள் குறைவு.

சிக்கல் நிலத்தில்தான் இருக்கிறது. காவிரி டெல்டாவில் நிலத்தை நாங்கள் மாவிலும் வேலியிலும் பேசுகிறோம். 3 மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. எங்கள் தெருவில் ஓர் அக்காவின் மாமனார் பெயரில் ஒன்றரை வேலி, அதாவது 10 ஏக்கர், நஞ்சைக்குப் பட்டா இருந்தது. அவர் காலமான பின் மூன்று மகன்களும் வாய்ப்பேச்சில் பங்கு பிரித்துக்கொண்டு, ஆளுக்கு அரை வேலி சாகுபடி செய்கிறார்கள். பட்டா மட்டும் கூட்டாகவே நிற்கிறது. வரப்பில் நின்று பார்த்தால் அக்காவின் குடும்பத்துக்கு 10 மாதான். நிலப் பதிவேடான சிட்டாவை எடுத்துப் பார்த்தால் 10 ஏக்கர். உரிமைத் தொகை மனு தள்ளுபடியானதாகக் குறுஞ்செய்தி வந்தபோது, பணம் போனதைவிடத் தன்னை வசதியானவள் என்று எழுதிவிட்டார்களே என்றுதான் அவர் வருந்தினார்.

எவ்வளவு நிலம் என்று கேட்கும் விதி, அதில் எவ்வளவு விளைகிறது என்று கேட்பதில்லை என்பதே என் மனக்குறை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தாலும் தண்ணீர் வந்துசேரத் தாமதமாகும் வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளில், ஒரு போகச் சம்பாவை நம்பி நிற்கும் 5 ஏக்கரும், ஆற்றுத் தலைப்பில் குறுவையும் தாளடியுமாக இரு போகம் எடுக்கும் 5 ஏக்கரும் ஒன்றல்ல. டிராக்டர் வைத்திருந்தாலே தகுதியில்லை என்று தொடக்கத்தில் வகுத்த விதியும் அப்படித்தான். வாடகைக்கு உழுது கடன் தவணை கட்டுபவருக்கு அது பிழைப்புக் கருவியே தவிர, ஆடம்பரமன்று.

இன்னொன்று, ஒரே குடும்ப அட்டையில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே குடும்பமாகக் கருதப்படுவதால், திருமணமாகித் தனியே சமைத்து உண்ணும் மகனின் சம்பளமும் தாயின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தனிக்குடித்தனம் நடத்துவோர் தனி அட்டை வாங்குவதும், பங்கு பிரித்தோர் பாகப்பிரிவினையைப் பதிவுசெய்து உட்பிரிவுடன் தனிப் பட்டா பெறுவதும் உடனே செய்யத்தக்கவை. தள்ளுபடியானவர்கள் குறுஞ்செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யவும் விதியில் இடம் தரப்பட்டது. அக்காவின் வீட்டில் மூன்று சகோதரர்களும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து, உட்பிரிவுக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.