காகம் விரட்டிய சிறுவனும் பப்பின் பின்னறையும்

இங்கிலாந்தில் சிறுநகரத்திலோ கிராமத்திலோ புதிதாகக் குடியேறியவர்களுக்குக் கோயில், தமிழ்ப் பள்ளி, மளிகைக் கடை எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் உண்டு. பப் என்னும் மதுக்கூடத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை நடக்கும் நாட்டுப்புறப் பாட்டு வட்டத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ‘சிங்கரவுண்ட்’ என்பார்கள். மேடையும் மைக்கும் இருக்காது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகப் பாடுவார்கள். முறை வரும்போது பாட விருப்பமில்லை என்றால் ‘பாஸ்’ என்றால் போதும். ஆனால் பல்லவி வந்தால் எல்லோரும் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த வீட்டுக்காரரோடு வானிலை தவிர வேறொன்றைப் பேச இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

அங்கே கேட்கும் பாட்டுகளில் பல உழவரையும் ஆட்டிடையரையும் பற்றியவை. நம் நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு மாதிரி வேலையின் தாளத்துக்குப் பாடியவை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே வயல் பாட்டுகள் பெரும்பாலும் வேலை முடிந்தபின், பப்பிலும் அறுவடை விருந்திலும் பாடப்பட்டவை. பல பாட்டுகளில் உழவன் மகிழ்ச்சியான பையனாக வருவான். கூலியைப் பற்றிப் பேசும் பாட்டுகள் வேறு வகை. அவற்றைத் தேடிக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் பழைய காசுக் கணக்கு தெரிய வேண்டும்: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. டார்செட் மாவட்டத்து டோல்பட்டில் கிராமத்தில் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கியது. 6 ஆகும் என்ற பேச்சும் வந்தது. உழவுத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். 1824இலேயே சங்கம் வைப்பதற்கு இருந்த தடை நீங்கிவிட்டதால் அதற்காக அவர்களைத் தண்டிக்க முடியவில்லை. ஆகவே கடற்படைக் கலகங்களை அடக்க 1797இல் வந்த இரகசிய உறுதிமொழிச் சட்டத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தல். தீர்ப்புக்குப் பின் அவர்களில் ஒருவரான ஜார்ஜ் லவ்லெஸ் காகிதத்தில் எழுதிய வரிகள் இன்றும் பாடப்படுகின்றன.

அந்த வரிகளின் முடிவை வைத்தே நமக்கு வரும் முதல் சிக்கலைச் சொல்லிவிடலாம்: ‘வீ வில், வீ வில், வீ வில் பீ ஃப்ரீ’ (நாங்கள் விடுதலை பெற்றே தீருவோம்). தமிழ்க் காது ‘வீ’ நெடில் என்று அதில் எடையை வைக்கும். ஆங்கிலத்தில் எடை ‘வில்’மேல். மூன்று ‘வில்’, ஒரு ‘ஃப்ரீ’, மொத்தம் நான்கு அழுத்தம். நம் யாப்பு குறில் நெடிலைப் பார்க்கிறது. இவர்களுடைய யாப்பு அழுத்தத்தை எண்ணுகிறது. பல பாட்டுகளில் முதல் அடிக்கு நான்கு, இரண்டாம் அடிக்கு மூன்று, மறுபடி நான்கு, மூன்று என்று வரும். இடையில் உள்ள சிறு அசைகளை எத்தனையானாலும் நெருக்கிக்கொள்ளலாம். எல்லா அசையையும் சமமாகப் பாடினால் சொல் சரியாக இருந்தும் பாட்டு தடுக்கும்; பல்லவியில் சேர்பவர்களும் தடுமாறுவார்கள். மெட்டை மறந்துவிட்டு, அழுத்தம் விழும் சொல்லில் மட்டும் மேசையைத் தட்டி வாசித்துப் பாருங்கள். இரண்டு நாளில் பிடிபடும்.

அடுத்தது 1872. வார்விக்‌ஷயரின் வெல்ஸ்போர்னில் பிப்ரவரி 7 மாலை, ஒரு மரத்தடியில் ஜோசஃப் ஆர்ச் ஒரு முக்காலிமேல் ஏறிப் பேசினார். அவரைக்கொடி படரவிடும் கழிகளில் லாந்தர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்பது வயதில் நாளொன்றுக்கு 4 பென்னிக்கு, 12 மணி நேரம் வயலில் காகம் விரட்டியவர் அவர். அந்த ஆண்டே தேசிய உழவுத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. இருட்டில், எழுத்துக்கூட்டத் தெரியாத கூட்டத்துக்குப் புது மெட்டைக் கற்றுத்தர நேரம் ஏது? ஆகவே எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றினார்கள். பழங்கால ஆங்கிலக் கனவானைப் புகழும் ஒரு பாட்டு அப்படியே பழங்கால ஆங்கிலக் கூலியாளின் பாட்டாக மாறியது. ஆர்ச் கிறித்தவ உபதேசியார் என்பதால் தேவாலயப் பாட்டின் வாடையும் இவற்றில் வீசும்.

இந்த வகையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது நார்ஃபக்கின் நாப்டன் கிராமத்துத் தச்சர் வால்டர் பார்டன் (1914–1996) பாடிப் பதிவான ‘ஆன் ஓல்ட் மேன்ஸ் அட்வைஸ்’. மெட்டு ‘மை கிராண்ட்ஃபாதர்ஸ் கிளாக்’. இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சிறுவயதில் காகம் விரட்டிய தாத்தா சங்கத்தில் சேரச் சொல்கிறார். முதல் பாட்டாகக் கற்க இதுவே நல்லது: மெட்டு பழக்கம், பல்லவி எளிது.

பாடும்போது கெடுவது பெரும்பாலும் சுருதிதான். தம்பூரா கிடையாது. பதற்றத்தில் உயரமாக எடுத்துவிட்டு மூன்றாம் அடியில் எட்டாமல் நிற்பார்கள். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் வாய்க்குள் பாடி, அது வசதியாக இருக்கும் இடத்திலிருந்து இறங்கித் தொடங்கும் சுரத்தைப் பிடியுங்கள். தவறிவிட்டால் நிறுத்திவிட்டுத் தாழ்த்தி எடுக்கலாம், அது குற்றமில்லை. கர்நாடக இசை கற்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்: இவர்கள் டோரியன் என்பது கரகரப்பிரியாவின் சுரங்கள், மிக்ஸோலிடியன் என்பது ஹரிகாம்போஜி. ஆனால் கமகம் வேண்டாம். சுரத்தை நேராக நிறுத்தினால்தான் மற்றவர்கள் சேர முடியும். கைதட்டித் தாளம் போடவும் வேண்டாம். தனிக்குரலில் பாடுபவர் அடியின் முடிவை நீட்டவும் குறைக்கவும் செய்வார்.

சொற்களையும் மெட்டையும் தேட லண்டன் கேம்டனில், நாட்டுப்புறப் பாட்டுக்கான மையமான செசில் ஷார்ப் இல்லத்தின் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்துக்குப் போங்கள். அதன் இணையத் தேடல் இலவசம். பாட்டின் பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள், ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ‘ரவுட் எண்’ என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதை வைத்துத் தேடினால் எல்லா வடிவமும் வரும்.

ஜூலையில் டோல்பட்டிலில் தொழிற்சங்கங்களின் விழா நடக்கும். ஆறு பேரும் மன்னிக்கப்பட்டுத் திரும்பியபின் ஐவர் கனடாவின் ஒன்டாரியோவில் குடியேறினார்கள்; அவர்களும் புலம்பெயர்ந்தவர்களே. ஊருக்குத் திரும்பி அங்கேயே இருந்தவர் ஜேம்ஸ் ஹம்மெட் ஒருவர்தான். 1891இல் டார்செஸ்டரில் ஏழைகள் இல்லத்தில் இறந்தார். டோல்பட்டில் தேவாலய முற்றத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக்கு விழாவின்போது மலர்வளையம் வைப்பார்கள்.