லைசன் எக்ஸாமுக்குப் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிச்ச கையோட எங்கட மட்டக்களப்புப் பக்கம் நிறையப் பேர் செய்ற முதல் வேலை வாகனம் ஓடுற லைசனுக்குப் போடுறதுதான். சின்னம்மாட பிள்ளைகள் ரெண்டு பேர் இப்ப படிக்கிறாங்க, அவங்களுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதுறன், யாருக்காவது உதவும்.

எழுத்துப் பரீட்சை கஷ்டமில்ல. 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், 30 சரியெண்டா பாஸ், தமிழ்லயே எழுதலாம். இதனாலதான் கனபேர் பழைய பேப்பரை வாங்கி விடையை மட்டும் பாடமாக்கிட்டுப் போறாங்க, பாஸும் ஆகிறாங்க, ஆனா ரோட்டுல ஏறினா அந்த விடை ஒண்டும் கைகாலுக்கு வராது. நான் படிக்கக்குள்ள ஒவ்வொரு கேள்வியையும் எங்கட ரோட்டுல ஒரு இடத்தில கொண்டுபோய் வச்சுப் பார்த்தன். மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் செய்யாத, நீல வட்டம் கட்டாயம் செய், இது புத்தகத்தில ஒரு பக்கம்தான், ஆனா பஸ்ஸுல கல்முனைக்குப் போகக்குள்ள ஜன்னல் பக்கம் இருந்து ஒவ்வொரு போர்டா பாத்து இது என்ன வகை எண்டு மனசுக்குள்ள சொல்லிட்டே போனா அந்தப் பக்கம் தானா பாடமாகிடும்.

வேகம் பற்றின பகுதிதான் இருந்து நிதானமாப் படிக்க வேண்டியது. ஊர்மனைக்குள்ள காருக்கும் பைக்குக்கும் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீட்டர், வெளியில 70, ஓட்டோவுக்கு 40. கல்லடிப் பாலம் தாண்டினா காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எண்டு வீடும் கடையும் பள்ளிக்கூடமும் விட்டு விட்டு வந்துட்டே இருக்கும், ரோடு நேரா நல்லாக் கிடக்கெண்டு அங்க 70ல முறுக்க ஏலாது. கணக்குப் போட்டுப் பாருங்க, 50ல போனா ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போறீங்க, 70 எண்டா 19. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போறதுக்கே அந்த ஒரு செக்கன் போயிடும். அதுக்குப் பிறகு பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் 50ஐ விட 70ல ரெண்டு மடங்கு மாதிரி, ஏனெண்டா அது வேகத்தின்ர வர்க்கத்தோட கூடுது, மெட்ஸ் படிச்ச ஆக்களுக்கு இது உடனே விளங்கும். முன்னால போற வாகனத்துக்கும் உங்களுக்கும் ரெண்டு செக்கன் இடைவெளி விடுங்க, மாரி மழைக்கு அதை நாலாக்குங்க.

புத்தகத்தில வராத பாடமும் இருக்கு. அறுவடைக் காலத்தில ரோட்டுக் கரையில நெல் காயும், அதில டயர் ஏறினா வழுக்கும். வெட்டு மிசின் முழு ரோட்டையும் பிடிச்சிட்டு வரும். பொழுது பட்டா பின்லைட் இல்லாத உழவு மிசின் (ட்ராக்டர்) பெட்டி, ரோட்டுல படுத்திருக்கிற மாடு, செங்கலடியால கரடியனாறு, மகாஓயா பக்கம் போனா யானை. எதிர்ல வாறவன் ஹைபீம் அடிச்சா அந்த லைட்டைப் பார்க்காம ரோட்டுட இடப்பக்கக் கரையைப் பாருங்க, வேகத்தைக் குறைங்க. பஸ் நிண்டா அதை விலத்தி ஓடுறதுக்கு அவசரப்படாதீங்க, பஸ்ஸுக்கு முன்னாலயிருந்து பிள்ளையள் திடீரெண்டு இறங்கி ஓடிவரும், இதை நான் பெரிசாச் சொல்றன், பள்ளிக்கூடம் விடுற நேரம் எங்கட ரோட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

லேர்னர்ஸ் (ஓடிப் பழகுறதுக்குத் தாற பெர்மிட்) கையில வந்தாலும் தனிய காரை எடுத்துட்டுப் போக ஏலாது, லைசன் உள்ள ஆள் பக்கத்தில இருக்கணும், முன்னுக்கும் பின்னுக்கும் எல் போர்ட் இருக்கணும். அப்பிடிப் பழகுற மாசங்களை வீணாக்காதீங்க. பைக் ட்ரயலுக்கு (ஓடிக் காட்டுற பரீட்சைக்கு) எட்டு வடிவத்தில ஓடப் பழகுறது சரி, ஆனா அதையே மைதானத்தில சுத்திட்டு இருந்தா ரோடு பழகாது. மழையில, இரவில, சந்தை நேரத்தில, எல்லாத்திலயும் வாப்பாவோ அப்பாவோ மாமாவோ பக்கத்தில இருக்கக்குள்ளயே ஓடிப் பழகிடுங்க. திரும்ப முதல் கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகு தோளைத் திருப்பி ஒரு பார்வை, இது யோசிக்காமலே வரணும், ட்ரயல்லயும் இதைத்தான் பாப்பாங்க.

ஹெல்மெட்டை வாங்கினா மட்டும் போதாது, நாடாவைக் கொளுவணும், பின்னுக்கு இருக்கிற ஆளும் கொளுவணும். கடற்கரைக்கு எண்டு மூண்டு பேர் ஏறுறது, ஃபோனை ஹெல்மெட்டுக்குள்ள செருகிட்டுக் கதைக்கிறது, ரெண்டுமே வேணாம். புது லைசன்காரன் பின்னால கூட்டாளிமாரை ஏத்தினா அவங்கட சத்தத்துக்கே வேகம் கூடும், அதனால கொஞ்ச மாசத்துக்கு தனிய ஓடுங்க இல்லாட்டி வீட்டு ஆக்களை ஏத்துங்க.

பெத்தவங்களுக்கும் ஒண்டு சொல்லணும். டியூஷனுக்கு நேரமாகுது எண்டு லைசன் இல்லாத பிள்ளைட கையில பைக் திறப்பைக் குடுக்காதீங்க, ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரனும் கைவிரிச்சிடுவான். 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பரை எல்லாரும் ஃபோன்ல போட்டு வைங்க, அந்த அம்புலன்சுக்குக் காசு இல்ல, எடுத்தா எந்த இடத்தில நிக்கிறீங்க, கிட்ட என்ன சந்தி, என்ன கோயில், என்ன பள்ளிவாசல் எண்டு தெளிவாச் சொல்லுங்க.