சேர் சொன்ன படம்

போன ஆவணியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்று பள்ளிக்கூட மலர்க்குழுவில் இருந்து ஒருவர் ஃபோன் எடுத்துச் சொன்னார். வேலை முடிந்து ரொறன்ரோவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது, நான் ஏறவில்லை. மலருக்கு ஏதாவது எழுது என்று நாலு வருடமாகக் கேட்கிறார்கள். இப்போது எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன். அவருடைய பெயரை இங்கே போடவில்லை. உதிரிப்பூ சேர் என்றால் அக்கராயன் பக்கம் மரத்தடியில் எங்களோடு படித்த எவருக்கும் தெரியும்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் காட்டுப்பக்கம் வந்தது. தறப்பாள் கொட்டில், தண்டவாளத் துண்டு மணி, பின்னேர நேரசூசி, பங்கர் என்கிற பதுங்குகுழி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிபிர் குண்டுவீச்சு விமானம் இரைகிற நாட்களில் தமிழ்ப் பாடம் பங்கருக்குள் நடக்கும். அங்கேதான் சேர் எங்களுக்குப் படம் சொன்னார்.

கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விற்ற விலையில் ஜாம்போத்தல் விளக்கைக்கூட அம்மா எட்டு மணிக்கே அணைத்துவிடுவா. ஆனாலும் ‘உதிரிப்பூக்கள்’ எங்களுக்கு மனப்பாடம். மகேந்திரன் 1979இல் எடுத்த படம். சேர் இளந்தாரியாக யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஏழு முறை பார்த்தவராம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் இருந்து கிளைத்த கதை என்று தொடங்குவார். அது பாடத்துக்கு. பிறகு பாடம் மறந்துபோகும். பள்ளிக்கூடம் நடத்துகிற சுந்தரவடிவேலு, நோயாளி மனைவி லட்சுமி, இரண்டு பிள்ளைகள், ஒன்றும் கேட்காத ஊர். சுந்தரவடிவேலுவாக நடித்த விஜயன் குரலை உயர்த்தாமலே கொடுமை செய்வதை அவர் செய்துகாட்டும்போது முன்னுக்கு இருந்த பிள்ளைகள் மெல்லப் பின்னுக்கு அரக்குவார்கள். மகேந்திரன் ஆட்களை அதிகம் கதைக்கவிடமாட்டார், பார்க்கத்தான் விடுவார் என்பார் சேர்.

கடைசிக் காட்சியை மட்டும் பங்கருக்குள் சொல்லமாட்டார். வெளியே வரவேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டுவார். காய்ந்த மணலில் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று சோக்குத்தூள் படிந்த கையால் தண்ணீர் மட்டத்தைக் காட்டுவார். ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நிற்கிறது. பிள்ளைகள் இரண்டும் நிற்கின்றன. தண்ணீர் கழுத்துக்கு வரும்போது, கூட்டத்துக்குள்ளே இருந்து ஒரு கிழவன் சால்வையை எறிந்துவிட்டு ஆற்றில் பாய்வான்.

“பிடிச்சானோ இல்லையோ எண்டு காட்டேல்லை. ஆனால் பாய்ஞ்சவன்” என்பார் சேர். சால்வையை எறிகிற அந்தக் கை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

சமாதான காலம் வந்து ஏ9 றோட்டு திறந்தது. 2006இல் வெளிவந்த ‘ஆணிவேர்’ படத்தை வன்னியில் வந்து எடுத்தார்கள். நந்தாவும் மதுமிதாவும் நடித்தது. இயக்குநர் ஜோன் மகேந்திரன், உதிரிப்பூக்கள் மகேந்திரனின் மகன். அதைக் கேள்விப்பட்டு சேர் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். பரிசளிப்பு விழாவுக்குக் கட்டுகிற வேட்டி, அழுத்திய சேட்டு.

“தம்பி, உன்ர மோட்டச்சைக்கிளில என்னை ஒருக்கால் அதில கொண்டுபோய் விடு.”

படப்பிடிப்புக்குக் கிட்டப் போகமுடியவில்லை. றோட்டோரம் ஒரு பாலை மரத்தடியில் சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, சென்னையில் இருந்து வந்த மூன்று நாலு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சேர் நேரே அவர்களிடம் போனார். பிறகு நடந்தது கனவு மாதிரித்தான் இருக்கிறது. படம் எடுக்கிறவர்களுக்கு சேர் படம் சொன்னார். அவர்களுடைய ஊர்ப் படத்தை, எங்கள் பங்கருக்குள் சொன்ன மாதிரியே, அதே இடங்களில் மூச்சை நிறுத்திச் சொன்னார். வயர் சுருட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். இன்னொருவர் பெட்டிமேல் குந்திவிட்டார். தேத்தண்ணி ஆறியது.

சேர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். றோட்டால் போன சனம் சைக்கிளை நிறுத்திப் பார்க்கத் தொடங்கியது. எனக்கு இருபத்திரண்டு வயது. வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

“காணும் சேர். அவைக்கு வேலை இருக்கு. வாங்கோ.”

அப்போது அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டார். வயர்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. “அப்புறம் சார்?” என்று அவரைத்தான் கேட்டார். சேர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தோளில் ஒருமுறை தட்டிவிட்டு வந்து ஏறினார். வழிமுழுக்கக் கதையில்லை. படலையில் இறங்கி, பெற்றோலுக்கு என்று நூறு ரூபாய் நீட்டினார். நான் வாங்கவில்லை.

2006இல் வெளிக்கிட்டேன். இங்கே எனக்கு மூன்றாவது பனிக்காலம் 2009 தை மாதம். கிளிநொச்சி விழுந்துவிட்டது. ஊரில் ஒருவருடைய தொலைபேசியும் கிடைக்கவில்லை. நித்திரை வராத ஒரு இரவில் அந்தப் படத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் சேர் சொன்னபடியே இருந்தது. விஜயன் ஆற்றில் இறங்கினார். நான் கிழவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் பாயவில்லை. திருப்பிப் போட்டேன். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அப்படி ஒரு கிழவன் படத்திலேயே இல்லை.

பங்கரால் ஏறி வந்த பிள்ளைகளுக்கு, கரையில் சும்மா நிற்கிற ஊரை மட்டும் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். படக்காரர்களுக்கும் அந்தக் கிழவனைக் காட்டத்தான் அன்று வந்திருக்கிறார். அதைத்தான் நான் மறித்தேன்.

கடைசிச் சண்டையில் சேர் தப்பி வந்தார். மூத்த மகனை மாத்தளனில் விட்டுவிட்டு, மெனிக்பாம் முகாமில் இருந்து, பிறகு கிளிநொச்சிக்குத் திரும்பினார். வருடத்தில் ஒன்றிரண்டு தரம் ஃபோன் எடுப்பேன். சுகம் விசாரிப்பேன், காசு அனுப்பட்டோ என்று கேட்பேன், வேண்டாம் என்பார். அந்த நாளைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

2019 ஏப்பிரல் 2ஆம் திகதி மகேந்திரன் காலமானார். அன்றைக்கு வைபரில் எடுத்தேன்.

“சேர், அண்டைக்கு நான் மறிச்ச இடத்தில இருந்து சொல்லுங்கோ.”

கதிரை அரக்குகிற சத்தம் கேட்டது. எழும்பி நின்றிருப்பார். இடுப்பில் இருந்து தொடங்கினார். குரல் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் மட்டம் பிழைக்கவில்லை. நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. நான் சால்வைக்குக் காத்திருந்தேன்.

“ஊரெல்லாம் கரையில பாத்துக்கொண்டு நிண்டது தம்பி” என்றார். “அவ்வளவுதான் படம்.”