பஸ் எண் 14: லிஸ்பனில் ஒரு திங்கட்கிழமை

மே 11, ஞாயிறு, இரவு

ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டோம். நாளை போர்ச்சுகலின் லிஸ்பன். காலை 8 மணிக்கு இறக்கிவிடுவார்கள், மாலை 5 மணிக்குள் கப்பலேறிவிட வேண்டும். இவர் ஊர்சுற்றிக் காட்டும் பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவைத்திருக்கிறார். தாளைப் பார்த்தேன். ஜெரோனிமோஸ் மடாலயம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி 'வெளிப்புறம் மட்டும்' என்று இருக்கிறது. திங்கட்கிழமை மடாலயத்துக்கு விடுமுறை என்று சொன்னேன். "இவ்வளவு பெரிய கப்பல்காரனுக்குத் தெரியாதா?" என்றார். நாற்பது வருடக் குடித்தனம். மேற்கொண்டு பேசவில்லை.

மே 12, திங்கள், காலை 6.40

மேல்தளத்தில் குளிர் காதை அறுக்கிறது. தேஜோ ஆற்றுக்குள் நுழைந்து, 1966-இல் திறந்த சிவப்புத் தொங்குபாலத்தின் அடியில் போகிறோம். கப்பலின் புகைபோக்கி இடித்துவிடும் என்றே எல்லோரும் தலையைக் குனிந்தோம். மேலே வண்டிகள் ஓட ஓடப் பாலம் வண்டுக் கூட்டம் போல் இரைகிறது. சர்வாதிகாரி சலசார் பெயரில் இருந்த பாலம். 1974 புரட்சிக்குப் பிறகு 'ஏப்ரல் 25 பாலம்' ஆகிவிட்டது.

அன்றே, இரவு 9

புடவைத் தோளில் '14' என்று ஒட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். முதலில் பெலேம். மடாலயக் கதவு சாத்தியிருந்தது. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு. வெண்கல்லில் கப்பல் கயிறுகளை முறுக்கி முறுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவோடும் கிழக்கோடும் நடந்த வாணிபத்தின் மீது விதித்த வரியில் எழுந்த கட்டடம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான்.

தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இந்த ஊரில்தான், 1554-இல், ரோமன் எழுத்தில். வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன். "ஓ" என்றாள்.

பக்கத்தில் 1837 முதல் நடக்கும் பலகாரக் கடை. வரிசையில் நின்று ஆறு வாங்கினேன். மெல்லிய மொறுமொறு கிண்ணத்தில் முட்டை மஞ்சள் கருப் பாகு, மேலே கருகின புள்ளிகள், சூடு நாக்கைச் சுட்டது. கன்னியர் மடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துவிட்டு, மிஞ்சிய மஞ்சளில் இனிப்புச் செய்தார்களாம். எங்கள் தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரியும். ஒரே முட்டையை இரண்டு ஊரும் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

பிறகு ஆற்றங்கரைச் சதுக்கம். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், காலைப் பூசை நேரத்தில் பூகம்பம். கோவில் மெழுகுவர்த்திகளிலிருந்து நெருப்பும் பற்றிக்கொண்டது. இடியும் வீடுகளுக்குத் தப்பியவர்கள் இந்தத் திறந்த கரைக்குத்தான் ஓடிவந்திருக்கிறார்கள். தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்திருக்கிறது. அப்புறம் அலை. வழிகாட்டி இதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, பொம்பால் பிரபு நகரைத் திரும்பக் கட்டிய கதைக்குத் தாவினாள். சுவருக்குள் மரக்கூண்டு வைத்து, பூகம்பம் தாங்குமா என்று மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்களாம். என் காதில் பாதிதான் விழுந்தது. 2004-இல் கிறிஸ்துமஸ் கழித்து வேளாங்கண்ணிக்குப் போன எதிர்வீட்டு அக்கா திரும்பவேயில்லை. ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டில், இரண்டு தூண்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இவர் புகைப்படம் எடுக்க வந்தவர் கேமராவை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசியாக அல்ஃபாமா. பூகம்பத்தில் பெரும்பாலும் தப்பிய பழைய பேட்டை. 'வெந்நீர் ஊற்று' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் சந்துப்படியில் மூச்சு வாங்கியபோது, எதிர்க் கதவின் முன்னால் ஒரு பாட்டி, கையில் வெங்காயத்தாள் பையோடு, மேலே பார்த்து "ஷாவ்! ஷாவ்!" என்று கத்தினாள். மூன்றாம் மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. நீல நைலான் கயிற்றில் பிளாஸ்டிக் கூடை ஒன்று, காயும் துணிகளில் உரசாமல் ஆடி ஆடி இறங்கியது. உள்ளே துணிக் கவ்வியில் மாட்டிய ஒரு சாவி.

"சாவி!" என்று நானும் கத்திவிட்டேன்.

பாட்டி திரும்பினாள். நான் அவள் கையைக் காட்டி "சாவி" என்றேன். மேலே காட்டி "ஜன்னல்" என்றேன். "ஜனேலா" என்று திருத்தினாள், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. அலமாரி, மேசை, பீப்பாய், கொய்யா என்று போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களை நான் அடுக்க, சிலவற்றுக்குத் தலையாட்டினாள், சிலவற்றுக்கு உதட்டைப் பிதுக்கினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இவர் முழங்கையைப் பிடித்து இழுக்கும்வரை நடந்தது. பஸ்ஸில் 13 நிமிடம் தாமதம் என்று எல்லோரும் எங்களை முறைத்தார்கள்.

மே 13, செவ்வாய்

கடல் ஆட்டம் அதிகம். காலைச் சாப்பாடு வேண்டாம் என்றவர், பலகாரப் பெட்டியில் மிச்சமிருந்த இரண்டையும் தின்றுவிட்டார். மதியம் அடுத்த ஊரின் சுற்றுலாத் தாளைக் கொண்டுவந்து, என் மூக்குக் கண்ணாடியையும் அதன் மேல் வைத்து, ஒன்றும் சொல்லாமல் நீட்டினார்.