பச்சைக் கண்ணாடிக்குள் கசிந்த சிவப்பு

வலக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே மருமகள் சொன்னாள்: “மாமா, இப்போதும் நான்கு புள்ளி தெரிகிறது.”

அவளுக்கு மூன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் இரண்டு கண்களையும் திறந்துகொண்டு அவள் நான்கு என்று சொன்னபோது அக்கா மகிழ்ந்துபோய் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த நான்கு பொய் என்பது மறுநாள்தான் தெரியவந்தது.

மருமகளுக்கு ஏழு வயது. வலக் கண் சோம்பேறிக் கண், அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாத, பார்வை மங்கிய கண். வைத்தியர் சொன்னபடி நாள்தோறும் சில மணி நேரம் நல்ல கண்ணான இடக் கண்ணில் ஒட்டுப் போட்டுக்கொள்கிறாள். கிளினிக்குக் கிளினிக் மாதக்கணக்கில் இடைவெளி விழுவதால், இடையில் வீட்டிலேயே ஏதாவது பார்த்துக் குறித்துவைக்க முடியுமா என்று அக்கா கேட்டார். கணினி நிரல் எழுதுவது என் தொழில். திரையில் நான்கு புள்ளி வரைவது பெரிய காரியமா என்று நினைத்தேன்.

சோதனை பழையது. கிளாட் வொர்த் என்ற ஆங்கிலேயக் கண் வைத்தியரின் பெயரால் வழங்குகிறது. மேலே ஒரு சிவப்புப் புள்ளி, இரு பக்கமும் பச்சை, கீழே வெள்ளை. வலக் கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி, இடக் கண்ணுக்குப் பச்சை. சிவப்பின் வழியே பார்க்கும் கண்ணுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு புள்ளிகளே தெரியும். பச்சையின் வழியே பார்க்கும் கண்ணுக்கு இரண்டு பச்சையும் வெள்ளையுமாக மூன்று. இரண்டு கண்களும் சேர்ந்து உழைத்தால் நான்கு. வலக் கண்ணை மூளை ஒதுக்கிவிட்டால் மூன்று. பார்வை இரட்டித்தால் ஐந்து. வைத்தியசாலையில் இதை டோர்ச் போன்ற கருவியில் கிட்டத்திலும், தூரத்தில் பெட்டியிலும் காட்டுவார்கள். அதில் கண்ணாடியும் புள்ளியின் நிறமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கும். என் மடிகணினித் திரைக்கும் அக்கா வாங்கி வந்த கண்ணாடிக்கும் அப்படி ஒரு பொருத்தமும் கிடையாது.

திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கூறுகளால் ஆனது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். நான் போட்ட எண்கள் எல்லோரும் முதலில் போடக்கூடியவை: கறுப்புப் பின்னணி, சிவப்பு 255, பச்சை 255. பச்சைக் கண்ணாடியை நானே போட்டுக்கொண்டு மற்றக் கண்ணை மூடினேன். மேலே மங்கலாக ஒரு புள்ளி நின்றது. சிவப்புதான். மலிவான கண்ணாடி நிறங்களைக் கத்திபோல வெட்டிப் பிரிப்பதில்லை, திரையின் சிவப்பும் முழுத் தூய சிவப்பாக இருப்பதில்லை. பெரியவர்கள் மங்கலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். குழந்தை நேர்மையாக எண்ணும்.

புள்ளியை மங்கலாக்கிப் பார்த்தேன். கசிவும் குறைந்தது, ஆனால் சிவப்புக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டிய கண்ணுக்கும் புள்ளி மங்கிவிட்டது. மங்கலான கண்ணுக்கு மங்கலான புள்ளியைக் காட்டுவது அநியாயம்.

இரண்டு இரவுகள் இதிலேயே போயின. மூன்றாம் இரவு, கரையோர ரயில் ஒன்று வெள்ளவத்தையைக் கடந்து போன நேரத்தில், தாளில் கணக்கெழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. தடை கறுப்புப் பின்னணிதான். புள்ளியிலிருந்து கசியும் ஒளியை மறைக்க வேண்டுமென்றால், அந்த இடத்தில் அதே அளவு ஒளியைக் கழிக்க வேண்டும். கறுப்பிலிருந்து எதைக் கழிப்பது? பின்னணியைச் சற்றுச் சாம்பலாக உயர்த்தினால் கழிக்க இடம் கிடைக்கும். சிவப்புப் புள்ளியில் பச்சைக் கூறைப் பின்னணியைவிடக் குறைக்க வேண்டும். அந்தக் குறைவும் சிவப்பின் கசிவும் சமமானால், பச்சைக் கண்ணாடிக்குள் புள்ளிக்கு விளிம்பே இராது. அது பின்னணியில் கரைந்துபோகும்.

கணக்கை நேரே எண்களில் போட முடியாது. எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுமுறையை 1996இல் ஹியூலெட்-பேக்கர்டும் மைக்ரோசொப்டும் முன்வைத்தன, 1999இல் அது சர்வதேச நியமமாகியது. இன்றைய பெரும்பாலான திரைகள் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன. அதில் 128 என்பது பாதி ஒளி ஆகாது, ஏறத்தாழ 22 விழுக்காடுதான். பாதி ஒளிக்கு 188 வேண்டும். இதை எவரும் சரிபார்க்கலாம்: கறுப்பு வரி, வெள்ளை வரி மாறி மாறி ஒரு பிக்சல் உயரத்தில் நிரப்பிய சதுரத்தின் நடுவே 188 சாம்பலை வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். திரை ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். என் மடிகணினியில் தலையை மேலும் கீழும் அசைக்க அசைக்க அந்தச் சமன் ஓடிக்கொண்டே இருந்தது. அது டிஎன் வகைத் திரை, பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சரிசெய்ததை அவள் அரை அடி தாழ இருந்து பார்த்தால் வேறு நிறம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பழைய திரை ஒன்று வாங்கினேன். இந்த வேலைக்கு அது ஆடம்பரமல்ல, அவசியம்.

பின்னணியை 63 ஆக வைத்தேன், அதாவது ஐந்து விழுக்காடு ஒளி. அம்புக்குறி விசையால் பச்சைக் கூறைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பூச்சியத்துக்கு வந்தும் 255 சிவப்பு மறையவில்லை. சிவப்பை 220க்கு இறக்கியபோது பச்சைக் கூறு 12இல் விளிம்பு கரைந்தது. அந்தக் கணத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பச்சைப் புள்ளியையும் அப்படியே சிவப்புக் கண்ணாடிக்குள் கரைத்தேன். நீலக் கூறை இரண்டு நிறப் புள்ளிகளிலும் பின்னணியின் 63லேயே விட்டேன், வேறுபாடு இல்லையென்றால் விளிம்பும் இல்லை.

பிரகாசமும் கவனிக்க வேண்டியது. எஸ்ஆர்ஜிபி வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21தான். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் நல்ல கண்ணுக்கு மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் போகிறது. வலக் கண் தோற்க வேறு காரணமே வேண்டாம். ஆகவே பச்சையை 127ஆகக் குறைத்தேன். இப்போதைய எண்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: சிவப்புப் புள்ளி 220, 12, 63. பச்சைப் புள்ளி 53, 127, 63. இவை என் திரைக்கும் இந்தக் கண்ணாடிக்கும் மட்டுமே உரியவை, படியெடுத்துப் பயனில்லை. கண்ணாடிகள் தாமே வெளிச்சத்தை வெவ்வேறு அளவில் தடுப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை இன்னும் செய்யவில்லை.

இதெல்லாம் முடிந்த சனிக்கிழமை மாலை எல்லாம் மறுபடி குழம்பியது. ஆறு மணி தாண்டியதும் கணினியின் இரவு வெளிச்ச வசதி தானாக இயங்கித் திரையை மஞ்சளாக்கியிருந்தது. அதை அணைத்தேன். தானியங்கிப் பிரகாசத்தையும் அணைத்தேன். மேற்குச் சன்னலால் கடல் பக்க வெயில் திரையில் விழாதபடி தடித்த திரைச்சீலை போட்டேன். இப்போது சோதனைக்கு அரை மணி நேரம் முன்பே திரையை ஏற்றிவிட்டு, முதலில் என் கண்களில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்: இரண்டு, மூன்று. அது சரியாக வந்த பிறகுதான் அவளைக் கூப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வலக் கண்ணைப் பொத்தச் சொன்னேன். “மூன்று.” இடக் கண்ணைப் பொத்தினாள். “இரண்டு.” இரண்டையும் திறந்ததும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மூன்று... இல்லை, நான்கு. சிவப்பு போய்ப் போய் வருகிறது” என்றாள்.

அக்கா அந்தச் சொற்களை அப்படியே திகதி போட்டு எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கோப்பில் வைத்திருக்கிறார்.