தடைக்காலத்தில் கேட்ட கட்டணம்

2018ஆம் ஆண்டு மே 16 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தபோது, பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் பிறர் படகில் பங்குக்குப் போகும் என் அப்பாவுக்கு வருமானம் கிடையாது; அரசு தரும் நிவாரணத் தொகை மளிகைக்கடைப் பாக்கியை அடைப்பதற்கே சரியாக இருக்கும். கல்லூரிகளோ விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம் என எல்லாவற்றையும் இதே இரண்டு மாதங்களுக்குள்தான் கேட்கின்றன. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கி மூன்று ஆண்டுகள் கணிதம் படித்து முடித்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது, பணம் இல்லை என்பதைவிட, வர வேண்டிய பணம் கட்ட வேண்டிய தேதிக்கு வந்து சேரவில்லை என்பதே எங்கள் வீட்டை அதிகம் அலைக்கழித்தது என்று சொல்வேன்.

முதலில் நான் விரும்பியது கிறிஸ்தவ நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை. கோவையில் காருண்யா, பெங்களூரில் கிறைஸ்ட் என்று அத்தகைய நிறுவனங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றில் படிக்கும் உறவுக்காரப் பெண் ஆண்டுக் கட்டணத்தைச் சொன்னபோது, அப்பா மறுப்பேதும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகுதான் என் வகுப்பாசிரியை, ஒரே கல்லூரிக்குள் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருப்பதை எடுத்துச் சொன்னார். மதுரையில் 1948இல் தொடங்கிய லேடி டோக், 1953இல் தொடங்கிய பாத்திமா, திருச்சியில் 1923இல் தொடங்கிய ஹோலி கிராஸ் போன்ற பழைய கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிகளில், பல பாடங்களின் ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் தருவதால், அந்த இடங்களுக்குக் கட்டணம் குறைவு. நான் சேர்ந்ததும் அவ்வகைக் கல்லூரிதான். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கே உதவி பெறும் பிரிவில் கணிதத்துக்கு ஆண்டுக் கட்டணம் 7,400 ரூபாய். அதே பட்டத்துக்கு, அதே வளாகத்தில், சுயநிதிப் பிரிவில் 32,000 ரூபாய். எந்த உதவித்தொகையும் எனக்குத் தராத மிச்சத்தை விண்ணப்பத்தில் சரியான கட்டத்தில் போட்ட ஒரு டிக் தந்தது. அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் சுயநிதியில் சேர்ந்துவிட்டு, பிறகு உதவித்தொகைக்காக அலையும் பிள்ளைகளை இன்றும் எங்கள் ஊரில் பார்க்கிறேன்.

சேர்க்கைக்குப் பங்குத்தந்தையின் கடிதமும் ஞானஸ்நானச் சான்றும் கேட்டார்கள். எங்கள் ஊரில் பங்கு என்றால் இரண்டு: தேவாலயம் சார்ந்த பங்கு ஒன்று, படகில் பிடிபட்ட மீனை விற்று, டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்துக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பங்கு மற்றொன்று. முதல் பங்கின் கடிதத்தில் இரண்டாம் பங்கைப் பற்றியும் எழுதித் தரும்படி கேட்டது அம்மாவின் யோசனை. ‘இக்குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்தது’ என்ற வழக்கமான வரியோடு, மாதச் சம்பளம் இல்லாத வீடு என்பதையும், தடைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும் என்பதையும் ஃபாதர் நான்கு வரிகளில் எழுதிக் கொடுத்தார். சிவகங்கை மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கரையோரப் பங்குகளில் இத்தகைய கடிதம் கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் வழக்கமான இரண்டு வரிகள்தான் கிடைக்கும். பின்னர் கல்லூரியில் எந்தச் சலுகைக்கு விண்ணப்பித்தாலும் அந்த நான்கு வரிகளின் நகலைத்தான் இணைத்தேன். பங்கிலிருந்த, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஆகஸ்டில்தான் தர முடியும் என்றார்கள்.

ஜூன் 11க்குள் கட்ட வேண்டியிருந்த தொகை: கட்டணம் 7,400, விடுதி முன்பணம் 5,000, முதல் மாத உணவுக்கு 2,600, ஆகமொத்தம் 15,000 ரூபாய். தடைக்காலம் முடிய அதற்குப் பிறகும் மூன்று நாள் இருந்தது. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மன்னார் வளைகுடாவின் தீவோரங்களில் மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பாறையிலிருந்து பறித்து வருவார்கள். பாறை அறுக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். அவருடைய மகளிர் குழு 15,000 ரூபாய் கடன் தர ஒப்புக்கொண்டு, அவர் கணக்கிலும் போட்டுவிட்டது. எடுப்பதற்கு, கையடக்கக் கருவியோடு தெருவுக்கு வரும் வங்கி முகவரிடம் போனோம். அம்மா வலது கட்டைவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார், மறுபடியும் சிவப்பு. இடது கையின் விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இருபது ஆண்டுகளாகப் பாறையில் உரசிய விரல்களில் ரேகை மழுங்கிப் போயிருந்தது. மறுநாள் ராமேஸ்வரத்துக்குப் பேருந்தில் போய், வங்கிக் கிளையில் பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தோம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது அன்று எங்களுக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

கல்விக் கடனையும் விசாரித்தோம். நான்கு லட்சம் வரை நம் கையிலிருந்து போட வேண்டிய பங்குத்தொகை கேட்கமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் வட்டி மானியம் தொழிற்படிப்புகளுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கும்தான் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டோம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அப்பா இரண்டு நாள் அலைந்ததும் வீண். அந்தச் சான்றிதழுக்கு 2010இல் வந்த கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கானது, பி.எஸ்சி. கணிதத்துக்கு அதனால் பயன் இல்லை என்பதை இ-சேவை மையத்தில் யாரும் சொல்லவில்லை.

நான் நம்பியிருந்தது மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் மேற்படிப்பு உதவித்தொகை. கிறிஸ்தவர் உள்ளிட்ட ஆறு சிறுபான்மைச் சமூகங்களின் மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருந்து, முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் இருந்தால், தேசிய உதவித்தொகைத் தளத்தில் அப்போது விண்ணப்பிக்க முடிந்தது. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. பட்டப்படிப்புக்குக் கட்டணமாக ஆண்டுக்கு அதிகபட்சம் 3,000 ரூபாயும், விடுதி மாணவருக்குப் பராமரிப்புத் தொகையாக மாதம் 570 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கும் தந்தார்கள். ஆக 8,700 ரூபாய். என் முதலாண்டுச் செலவு 38,400 ரூபாய். அதில் கால்வாசிகூட இது வராது. ஒரே ஆண்டில் மாநில அரசின் உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது என்பதால், எது அதிகம் என்று பார்த்து ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வருமானச் சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று படி. மாதம் எவ்வளவு என்று கேட்டார்கள். ‘எந்த மாதத்தைச் சொல்வது?’ என்று அப்பா திருப்பிக் கேட்டார். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். காற்று எச்சரிக்கை வந்தால் அதுவும் இல்லை. கடைசியில் ஆண்டுக்கு 72,000 என்று எழுதினார்கள். அந்தச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இதே கேள்வியும் இதே பதிலும் நடந்தன.

உண்மையான சிக்கல் பெயரில் வந்தது. என் அப்பாவின் பெயர் அந்தோணி. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ‘டி’க்குப் பின் ‘எச்’ இருந்தது. என் மதிப்பெண் சான்றிதழில் இல்லை. போதாததற்கு என் தலைப்பெழுத்து ஒன்றில் பெயருக்கு முன்னும் மற்றொன்றில் பின்னும் இருந்தது. நான் ஆகஸ்டில் அனுப்பிய விண்ணப்பம், குறையுள்ளது என்ற குறிப்போடு செப்டம்பர் முழுவதும் திரும்பிக் கிடந்தது. எனக்கு அது தெரியாது. குறுஞ்செய்தி போயிருந்த கைப்பேசி எண் அப்பாவுடையது, அவரோ அப்போது கடலில். அக்டோபரில், கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்தி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்து, கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னதாக மறுபடியும் அனுப்பினேன். கல்லூரி சரிபார்த்து, அதன் பின் மாவட்ட அலுவலகமும் சரிபார்த்தால்தான் விண்ணப்பம் மேலே நகரும். ஒவ்வொரு நிலையையும் தளத்திலேயே பார்க்க முடியும். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கும் பழக்கம் அன்றுமுதல் வந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் கஜா புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கரையேறின. டிசம்பரில் பாம்பன் ரயில் பாலத்தில் பழுது ஏற்பட்டு, ரயில்கள் மண்டபத்தோடு நின்றுவிட்டன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மண்டபத்தில் இறங்கிப் பேருந்தில் வீடு சேர்ந்தேன். ஆகஸ்டில் சபை தந்த 5,000 ரூபாயும், தடைக்காலம் முடிந்த பின் நன்றாகக் கிடைத்த இறால் பங்கும் குழுக்கடனுக்கே போயின. பிப்ரவரியில் விடுதி உணவுக் கட்டணம் மூன்று மாதப் பாக்கி. ஏப்ரல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வாங்க, பாக்கி இல்லை என்ற கையெழுத்து வேண்டும்.

இந்த இடத்தில் நான் செய்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உதவி வேண்டும் என்று கல்லூரி முதல்வருக்கு உருகி எழுதிய முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் வறுமையைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன். மீதி இடத்தில் மூன்று தொகைகளையும் மூன்று தேதிகளையும் எழுதினேன். உதவித்தொகை 8,700 ரூபாய், மாவட்டச் சரிபார்ப்பு முடிந்துவிட்டது, அதற்கு அத்தாட்சியாகத் தளத்தின் அச்சுப்பிரதி. மகளிர் குழுவில் மறுகடன் 4,000 ரூபாய், மே முதல் வாரம். தடைக்காலம் முடிந்து கிடைக்கும் முதல் பங்கு, ஜூன் கடைசி. முதல்வரான அருட்சகோதரி படித்துவிட்டு, தடைக்காலம் என்றால் என்ன என்று கேட்டார். அவர் கடலோர ஊர்க்காரர் அல்லர்; சொன்னேன். ‘ஏம்மா, அப்போ நாங்க கட்டணம் கேட்கிற நேரமெல்லாம் உங்க வீட்ல காசே இருக்காதா?’ என்றார். பிறகு ஓரத்தில் ‘ஜூன் 30 வரை அவகாசம், தேர்வெழுத அனுமதிக்கவும்’ என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. அன்று எனக்கு வேண்டியிருந்ததும் தள்ளுபடி அல்ல.

அவரே இரண்டாம் ஆண்டில் அறக்கட்டளை நிதிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். பழைய மாணவியரும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் வங்கியில் போட்டு வைத்த முதலின் வட்டியிலிருந்து தரும் உதவித்தொகைகள் அவை. பழைய கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் இவை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை: ஒன்று தமிழ்த்துறைக்கு, ஒன்று தந்தையை இழந்தவருக்கு, ஒன்று கடற்கரை மாவட்டப் பெண்ணுக்கு. கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு ஆண்டுகளாக யாருமே விண்ணப்பிக்கவில்லையாம். எனக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. மாலையில் இரண்டு மணி நேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்கு மணிக்கு 30 ரூபாய் வீதம் உணவுக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள்.

மத்திய உதவித்தொகை 2019 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நான்தான் வரவில்லை என்று ஜூன் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி வளாகத்து வங்கியில் புதிதாகத் தொடங்கிய கணக்கின் எண்ணை விண்ணப்பத்தில் கொடுத்திருந்தேன். பணமோ ஆதார் இணைந்திருந்த பழைய கணக்குக்கு, பள்ளிக் காலத்தில் பாம்பனில் தொடங்கியதற்குப் போயிருந்தது. அம்மா தன் கணக்குப் புத்தகத்தைப் பதியப் போனபோது என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்ததால்தான் தெரிந்தது.

இப்போது நான் தனியார் பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன்; மே மாதம் வந்தால் தெருப் பிள்ளைகள் கோப்புகளோடு வருகிறார்கள். நான் வாங்கிய மத்திய உதவித்தொகை அப்படியே கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அந்த ஆண்டுக்கான அறிவிப்பு தளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றே சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வருவதைவிட மாதாமாதம் வருவது விடுதிப் பிள்ளைக்கு எவ்வளவு உதவும் என்பது உணவுக் கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்குத் தெரியும்.

என் மூன்றாம் ஆண்டு முழுக்கக் கொரோனாவில் கழிந்தது. விடுதி மூடியிருந்ததால் விடுதி மாணவி என்று பதிவிடவில்லை. பராமரிப்புத் தொகை மாதம் 570க்குப் பதிலாக 300 ஆனது. அந்தத் தொகை, கடைசித் தேர்வை வீட்டிலிருந்தே எழுதி முடித்த பிறகுதான் கணக்கில் ஏறியது. இம்முறை சரியான கணக்கில். எடுத்து வந்து குழுக்கடனுக்குக் கட்டிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். தம்பி அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுத வேண்டியவன். ‘எடுக்காதே, வர்ற தடைக்காலத்துக்கு இருக்கட்டும்’ என்றார்.