கக்கத்து அளவு

ஜூன் 3

கூரியர் வந்தது. பிவிசி குழாய்க்குள் இரண்டு துண்டாகத் தூண்டில் கம்பு. மாமி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. ஆர்டர் போட்டது மார்ச்சில்.

பத்து அடி, 305 சென்டிமீட்டர். வெறும் கம்பு 150 கிராம். தராசில் மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

ஜூன் 4

அடியைத் தரையில் ஊன்றி, நுனியை இடது உள்ளங்கையில் சாய்த்து, நடுவில் வலது கையால் அமுக்கினால் கம்பு தானாக உருண்டு ஒரு பக்கமாக நிற்கும். அதுதான் அதன் முதுகு. இரண்டு துண்டுக்கும் பார்த்து டேப் ஒட்டினேன். ராத்திரி ஒன்றரை மணி. முட்டத்துக் கடல் கட்டில் வரைக்கும் கேட்கிறது.

ஜூன் 5

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு.

ஜூன் 7

"கக்கத்துல குத்தி கைய நீட்டுலே. உள்ளங்கை எங்க விழுதோ அங்கதான் ரீலு."

ஒன்பதாம் வகுப்பில் கடியபட்டணம் பாறையில் வைத்து மாமா சொன்ன கணக்கு. கடையில் தொங்கும் ராடு யாருக்க கைக்கும் உள்ளதில்லை என்பார். கைப்பிடி நீண்டால் வீசும்போது அடிக்கட்டை சட்டையில் மாட்டும். குட்டையானால் கீழ்க்கைக்கு இழுக்க இடம் கிடையாது. மேல்கை தள்ளுவதில்தான் தூரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கீழ்க்கை வயிற்றைப் பார்த்து இழுக்காவிட்டால் கம்பு எங்கே வளையும்?

மாமாவுக்குக் கீழ்க்கை இடது.

கொடியில் காய்ந்த அவருடைய முழுக்கைச் சட்டையை எடுத்தேன். கக்கத்துத் தையலிலிருந்து கை முடிவு வரை டேப் பிடித்து, அதோடு உள்ளங்கைக்கும் சேர்த்தேன். 64 வந்தது. மாமி பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை வாங்கி மடித்து வைத்தார்.

ஜூன் 8

இன்னும் எதையும் ஒட்டவில்லை. ஒட்டினால் அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நூல் சுற்றும் ரீல் உட்காருகிற ரீல் சீட், ஈவிஏ பிடி, அடிமூடி, நூல் ஓடும் வளையமான கைடு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் கட்டி, விரல் மேல் வைத்து நிறுத்தினேன். மொத்தம் 250 கிராம். அடியிலிருந்து 94-ல் நிற்கிறது. ரீல் 64-ல். ஆக கைக்கு முன்னால் 30 சென்டிமீட்டர் தள்ளி 250 கிராம் தொங்குகிறது. பெருக்கினால் 7500.

கடைக்காரத் தம்பி, "பெரிய ரீலா போடுங்கண்ணே, பேலன்ஸ் ஆயிரும்" என்றான். 400 கிராம் ரீலை மாட்டி விரலில் வைத்தேன். உண்மைதான், நிற்கும் இடம் ரீலுக்கு முன்னால் பதினொன்றரைக்கு வந்துவிட்டது. ஆனால் ரீல் உட்காருவது கைக்கு நேர் கீழே. அதன் பாரம் எந்தப் பக்கத்தையும் தூக்காது. நுனி கீழே போகப் பார்ப்பது அதே 7500 தான். விரலுக்குத் தெரிவது வேறு, மணிக்கட்டுக்குத் தெரிவது வேறு. இதைத் தம்பிக்குச் சொல்லி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

ஜூன் 9

நுனியில் ஒரு கிராம் குறைத்தால் அடியில் 3.8 கிராம் சேர்த்ததற்குச் சமம். மேலே உள்ள மூன்று கைடையும் ஒற்றைக்கால் கைடாக மாற்றினேன். கட்டும் நூலும் குறைச்சல், பூசும் பிசினும் குறைச்சல். கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் புத்தி.

ஊன்றி வைத்துவிட்டுப் பீடி வலிக்கிறவனுக்குச் சமநிலை எதற்கு? ரப்பர் மீனைப் போட்டுச் சாயங்காலம் முழுக்கப் பாரை மீனுக்கு வீசுகிறவனுக்குத்தான் வேண்டும். மாமா இருநூறு வீச்சு வீசுவார்.

ஜூன் 11

7500-ஐ 64-ஆல் வகுத்தால் 117. அடியில் 117 கிராம் வைத்தால் கம்பு கையில் கிடையாக நிற்கும். ஈயம் தேடினேன், தோதாக இல்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பதினைந்து அடுக்கினால் 115.65! எல்லாம் கடைகளில் வாங்க மாட்டேன் என்று திருப்பித் தந்த நாணயங்கள். டப்பாவில் கிடந்தன. இன்சுலேஷன் டேப்பால் சுற்றி அடியில் வைத்துக் கட்டினேன்.

நுனி எழும்பியது. இரண்டு விரலில் நிற்கிறது, காக்கைச் சிறகு மாதிரி. வாசலுக்குப் போய் வெறும் வீச்சு வீசினேன். கல்லைக் கட்டிய மாதிரி இருந்தது. சும்மா பிடித்திருக்கும்போது சுகம், வீசும்போது பாரம். ரீலோடு சேர்த்து முக்கால் கிலோவுக்கு மேல்.

பாதி போதுமோ?

ஜூன் 12

மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். அவர் தூங்குகிறார். நான் இல்லை.

ஜூன் 15

பிசியோதெரபி செய்யும் பெண் இன்று ஒரு கம்பு கேட்டாள். வாரியல் கம்பைக் கொண்டுவந்தார் மாமி. நான் ராடின் அடித்துண்டைக் கொடுத்தேன். அடியை மாமாவின் இடது கக்கத்தில் வைத்து, கையைப் பைய நீட்டச் சொன்னாள். முட்டி மடங்கியே நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பின் மேல் வைத்தாள். சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் நின்றது. உள்ளங்கை விழுந்த இடத்தில் மாஸ்கிங் டேப் மேல் பென்சிலால் கோடு போட்டேன்.

"எதுக்குண்ணே கோடு?" என்றாள்.

"சும்மா."

46.

ஜூன் 16

46-ல் ரீல் வைத்தால் கம்பின் நடுப்பாரம் கைக்கு 48 முன்னால் போய்விடும். 12,000. 46-ஆல் வகுத்தால் 261. கம்பே 250 தான். கம்பைவிடக் கூடுதல் பாரத்தை அடியில் கட்டிக்கொண்டு யார் வீசுவது? கைப்பிடி குறையக் குறைய இரண்டு பக்கமும் அடி: முன்னால் நீளம் கூடும், பின்னால் நெம்புகோல் குறையும்.

கணக்கை நான்கு தடவை போட்டேன். மாறவில்லை.

ஜூன் 18

பக்கத்து வீட்டில் வந்து பார்த்தவர் சொன்னது: "அவருக்கு இனி கம்பு எதுக்கு, நீ வச்சுக்கோ." மாமா முழித்துத்தான் கிடந்தார்.

64 தான். 64-ல்தான் ஒட்டுவேன்.

ஜூன் 20

ஒட்டவில்லை. கைடுக்கு நூல் கட்டி முடித்தேன், கருநீலம். பிசின் பூசியது காலையிலும் விரலில் ஒட்டுகிறது. கண்ணால் பார்த்துக் கலந்த என் கொழுப்பு. பிசினும் அதை இறுக்கும் மருந்தும் சமம் என்றால் சமம்தான், சிரிஞ்சில் எடுத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சுரண்ட மனசில்லை. அளந்து கலந்து மேலே இன்னொரு பூச்சு கொடுத்து, அறையைப் பூட்டி, பல்பைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 21

49.

பிசின் இறுகிவிட்டது.

ஜூன் 24

48. நேற்று மழையில் அந்தப் பெண் வரவில்லை, அதனால்தான் என்று மாமி சொல்கிறார். நான் அவரிடம் எண்ணைச் சொல்லவே இல்லையே? டேப்பில் உள்ள கோடுகளை அவரும் பார்க்கிறார் போல.

ஜூன் 29

இராயப்பர் திருநாள். கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடைக்காலம், ஜூலை 31 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஊர் முழுக்க ஆம்பிளைகள்.

மாமாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். "கொண்டா" என்றார். முழுக் கம்பையும் ரீல் கட்டிக் கொடுத்தேன், 64-ல். வலது கையால் ரீல் பக்கத்தில் பிடித்து நுனியை ஆட்டினார். அப்புறம் அடியைத் தடவிப் பார்த்தார். நாணயக் கட்டு தட்டுப்பட்டது.

"என்னலே இது, காணிக்கையா?"

சிரித்தேன். வாய் கோணினாலும் அவரும் சிரித்தார். எத்தனை நாளாச்சு.

அடியை இடது கக்கத்தில் இடுக்கி, மடங்கிய கையைக் கம்பு மேல் போட்டார். வலது கை ரீலைத் தேடியது. எட்டாத தூரம் இல்லை, ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்தது. சுற்றும் கைப்பிடியும் இடது பக்கம் இருந்தது. கழற்றி வலது பக்கம் மாட்டிக் கொடுத்தேன். நான் ஏன் இதை முதலிலேயே செய்யவில்லை? ஒரு திருகுதான்.

"ஒட்டிட்டியா?"

"இல்ல மாமா."

"ஒட்டாத. கெட்டு. இன்னைக்கு இங்கன, நாளைக்கு அங்கன."

சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது. பழைய காலத்தில் சைக்கிள் டியூபால் கட்டுவார்களாம்.

ஜூலை 1

சைக்கிள் டியூப் வழுக்கும். பாரை ஒரு இழுப்பு இழுத்தால் ரீல் சுழன்றுவிடும். பைப் கடையில் இரண்டு ஹோஸ் கிளாம்ப் வாங்கினேன். கம்புக்குச் சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு, அதன் மேல் ரீல் காலை வைத்து, முன்னும் பின்னும் முறுக்கினேன். கல்லாக நிற்கிறது. திருகு கையைக் கிழிக்கும் என்பதால் மேலே ரப்பர். பார்க்க அசிங்கம்தான். முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய அழகான ரீல் சீட் மேசையில் கிடக்கிறது.

ஜூலை 4

51. கிளாம்பை 51-க்கு இறக்கினேன்.

ஜூலை 5

51-ல் நான் வீசிப் பார்த்தேன். எனக்குச் சுத்தமாகச் சரியில்லை.

சரி, எனக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது.

ஜூலை 8

கடல் எச்சரிக்கை. பாறைப் பக்கம் யாரையும் விடவில்லை. மாமா ஒரு பேச்சும் இல்லை, சுவரைப் பார்த்தபடி. பயிற்சிக்கும் மாட்டேன் என்றுவிட்டார். கோடு போட எதுவும் இல்லை.

ஜூலை 11

50.

ஜூலை 13

சாயங்காலம் ஆட்டோவில் மணக்குடி பொழிக்குக் கூட்டிப்போனேன். பழையாறு சிவந்து வந்து கடலில் விழுகிறது. அலை இங்கே குறைவு. கரையில் நாற்காலி. நான் வீசிக் கொடுத்தேன், அவர் சுற்றினார். மீன் ஒன்றும் இல்லை. பதினோரு தடவை. பன்னிரண்டாவதில் நுனி தண்ணீரைத் தொட்டது. அடியை இன்னும் இடுக்கிக்கொண்டு, "நாணயம் கனக்குது" என்றார். "நுனிக்குப் போதாது, தோளுக்குக் கூடுதல்."

வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் பிரித்தேன். ஏழை எடுத்துவிட்டு எட்டை மறுபடி கட்டினேன். பால்காரனுக்குச் சில்லறை வேண்டும் என்று மாமி வந்து நின்றார். பசை ஒட்டிய ஏழையும் கொடுத்தேன். "இத அவன் வாங்குவானா?" என்று துடைத்துக்கொண்டே போனார்.